தாளத்தில் உட்கார்ந்த பெயர்

அந்தப் பெயரைக் கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெர்னா காடிலைப் பற்றி எழுதியவர்கள் யாரும் இதை எழுதவில்லை, அவர்களுக்குத் தெரியாது. "சாக்பீஸ் எழுத்து" இசைத்தட்டைப் பற்றிப் பேச இன்றைக்கும் என் வீட்டுக்கு ஆள் வருகிறது. வருகிற ஒவ்வொருவனும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறான். பல்லவியில் அந்தப் பெயருக்குப் பிறகு ஸ்டீல் கிட்டாரில் இரண்டு இழுப்பு இழுத்தீர்களே, அது எப்படி வந்தது? வந்தது, அவ்வளவுதான் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிடுவேன். பெயர் எப்படி வந்தது என்று ஒருவனும் கேட்டதில்லை.

என் பெயர் ஓர்வில் டேக்கெட். நாஷ்வில்லில் யார் பாட வந்தாலும் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிற கூட்டத்தில் ஒருவன். 1972 ஜனவரியில் வெர்னா வந்து சேர்ந்தாள். கிழக்குக் கென்டக்கியில் நிலக்கரிச் சுரங்கக்காரர் மகள். பத்தொன்பது வயதில் நியூயார்க் போய், காபிக் கடைகளில் ஒற்றைக் கிட்டாரோடு ஊர்ப் பாட்டும் சொந்தப் பாட்டும் பாடிப் பெயர் வாங்கியவள். அதற்கு முன் வந்த இரண்டு தட்டுகளையும் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும்தான் வாங்கினார்கள். கொஞ்சம் கன்ட்ரி இசை வாசனை சேர்த்தால் நாடே கேட்கும் என்று கம்பெனி அவளை எங்களிடம் அனுப்பியது.

முதல் நாள் என் வாசிப்பைக் கேட்டுவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"பொணத்துக்குப் பவுடர் போடற மாதிரி இருக்குண்ணே."

எனக்குச் சுருக்கென்றது. "பவுடர் போட்டாத்தாம்மா ஊர்க்காரங்க கிட்ட வந்து மூஞ்சியப் பாப்பாங்க," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அதன்பிறகு எங்களுக்குள் ஒத்துப்போனது. நானும் அவள் பக்கத்து மலைக்காரன்தான் என்று தெரிந்ததும் ஓர்வில் அண்ணன் ஆகிவிட்டேன்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் இசைக்குறிப்பு வைத்து வாசிப்பதில்லை. ஒரு துண்டுத்தாளில் ஒவ்வொரு ஸ்வரக் கூட்டுக்கும் ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்களைக் கிறுக்கிக்கொண்டு வட்டமாக உட்காருவோம். இரண்டாம் தடவை வாசிக்கும்போது பதிவாகிவிடும். மூன்று மணி நேரத்தில் மூன்று பாட்டு. எங்கேயாவது இடித்தால் யாராவது ஒருவர் "அங்க ரெண்டுக்குப் பதிலா நாலு போடு" என்பார், போடுவோம், மேலே போவோம். யோசித்துக்கொண்டிருப்பவனுக்கு அங்கே வேலை கிடையாது.

ஐந்தாம் நாள் அவள் தன் தம்பியைப் பற்றி எழுதிய பாட்டை எடுத்தாள்.

சுரங்கத்தில் ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன்னால் ஒரே ஒரு ஆள் தனியாக விளக்கோடு உள்ளே போவான். விஷவாயு இருக்கிறதா, கூரை இறங்குகிறதா என்று பார்ப்பான். பார்த்த இடத்தில் பாறைமேல் சாக்பீஸால் தேதியும் தன் பெயரின் முதல் எழுத்துகளும் எழுதுவான். ஃபயர்பாஸ் என்பார்கள். அந்த எழுத்தைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். வெர்னாவின் தம்பி டாரல் வேலை செய்த சுரங்கத்தில் ஃபயர்பாஸ் பெயர் தியோடோர் வான்ஹூஸ். ஒரு திங்கட்கிழமைக்கான தேதியையும் எழுத்தையும் சனிக்கிழமையே போட்டுவிட்டு, திங்கள் காலையில் விளக்கு அறையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். எழுத்தை நம்பி இறங்கியவர்களில் பதினோரு பேர் வெடிப்பில் செத்துப்போனார்கள். டாரலுக்கு இருபத்திரண்டு வயது. விசாரணையில் யார்மேலும் குற்றமில்லை என்றார்கள். வான்ஹூஸ் முதலாளிக்கு மச்சினன்.

பாட்டில் அவன் பெயரையே வைத்திருந்தாள். எங்கள் தயாரிப்பாளர் பட் கிரிம்ஸ்லி அன்று காலையில் கம்பெனி வக்கீலிடம் பேசிவிட்டு வெளுத்த முகத்தோடு வந்தார்.

"அந்தப் பேரு வேண்டாம்மா. மானநஷ்டம்னு கேஸ் போட்டான்னா கம்பெனி தாங்காது. வேற பேரு போடு, இல்லன்னா பாட்டையே எடுத்துடு."

"பேர மாத்தினா பாட்டு பொய்யாயிடும், பட்."

"பாட்டுதானேம்மா!"

"உங்களுக்குப் பாட்டு. எங்க ஊர்ல அது சாட்சி," என்றாள்.

அவள் சொன்னது சரி. எங்கள் மலைகளில் ஒருவன் ஆற்றங்கரையில் பெண்ணைக் கொன்றால் அவன் பெயரோடு பாட்டு வந்துவிடும். கோர்ட்டு அவனை விட்டுவிட்டாலும் பாட்டு விடாது. நூறு வருஷம் கழித்தும் அவன் பேரப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். பாட்டில் பெயர் இருந்தால் அது நடந்தது. இதைத் தாய்ப்பாலோடு குடித்தவன் நான். பதின்மூன்று வருஷ நாஷ்வில் என்னை மழுக்கிவிட்டது.

ஒரு மணி நேரம் வாக்குவாதம் போயிற்று. டிரம்காரன் செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டான். எனக்கு வயிறு கத்தியது, பன்னிரண்டரைக்கு மேல் போனால் எதிர்க்கடையில் பொரித்த கோழி தீர்ந்துவிடும். அந்த அவசரத்தில் சொன்னேன்:

"ஹோபர்ட் லைல்னு போடும்மா. தாளத்துல கச்சிதமா உக்காரும்."

அவள் வாய்க்குள் பாடிப்பார்த்தாள். உட்கார்ந்தது. வான்ஹூஸ் பெயர் இடறிய இடத்தில் இது வழுக்கிக்கொண்டு போயிற்று.

"யாருண்ணே இது?"

"யாருமில்ல. சும்மா வாயில வந்துச்சு."

தம்பி பாட்டு தட்டில் வராமலே போய்விடுமோ என்ற பயம் அவள் முகத்தில் இருந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள்.

விளக்கை எடுத்தாயா, வழியைப் பார்த்தாயா,
பாறையில் எழுதினாயே, ஹோபர்ட் லைல்?

அந்தப் பெயர் முடிந்த இடத்தில் என் கை தானாகப் போய் இரண்டு இழுப்பு இழுத்தது. பெயரைத் திருப்பிச் சொல்வதுபோல. முதல் தடவையிலேயே பதிவாகிவிட்டது. முடிந்தபோது பட் பதிவறைக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தார். கோழி தீர்ந்துபோயிருந்தது, நான் அவித்த கீரையைச் சாப்பிட்டேன்.

மே மாதம் தட்டு வெளிவந்தது. பத்திரிகைகள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடின. நாட்டுப்புறப் பாட்டும் கன்ட்ரியும் இப்படிக் கலந்து கேட்டதில்லை என்றார்கள், இந்த வருஷத்தின் தட்டு என்றார்கள். கல்லூரிகளில் கேட்டார்கள், லாரி ஓட்டுகிறவர்கள் கேட்டார்கள். வெர்னாவை இகழ்ந்த ஒருவன் கென்டக்கியில் கிடையாது. என் இரண்டு இழுப்பை மற்ற ஸ்டீல்காரர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு பழகினார்கள். நானும் கொஞ்சம் தலை கனத்துத்தான் திரிந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு மதியம், சர்ச்சிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை, கதவு தட்டப்பட்டது. அறுபது வயதிருக்கும் ஒருவர். ஒல்லி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி கையில். இடது கை விரலில் நிலக்கரி உள்ளே புகுந்து ஆறிய நீலத் தழும்பு.

"ஓர்வில் டேக்கெட் வீடுங்களா?"

"ஆமாங்க."

"என்னத் தெரியல? ஐம்பத்தெட்டுல உங்க காரு அச்சு முறிஞ்சு எங்க வீட்டு முன்னால நின்னுதே. கொட்டற மழை. அஞ்சு பேரு நனைஞ்சுகிட்டு வந்தீங்க." தொப்பியை ஒரு கையிலிருந்து மற்ற கைக்கு மாற்றினார். "நான்தான் ஹோபர்ட் லைல்."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. இருபத்து நான்கு வயதில் ஒரு ஓட்டை பேண்டில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு நாள் அவர் வீட்டில் இருந்தோம். அவர் மனைவி நெட்டி எங்கள் துணியை அடுப்பு மேல் காயப்போட்டார். பீன்ஸ் குழம்பும் சோள ரொட்டியும் சட்டி சட்டியாகத் தீர்த்தோம். சாப்பிடும்போது அவர் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். "நான் எழுத்துப் போட்ட எடத்துல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் செத்ததில்ல தம்பி." ஃபயர்பாஸ் என்றதும் என் வாயில் அந்தப் பெயர் ஏன் வந்தது என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் நினைத்த லட்சணம் இது.

சமையலறையில் உட்காரவைத்தேன். காபியைத் தொடவில்லை.

"அந்தச் சுரங்கம் எங்க ஊர்லருந்து நாப்பது மைலு. நான் அதுக்குள்ள காலே வெச்சதில்ல," என்றார். "சொன்னா யாரு கேக்குறாங்க? சர்ச்சுல நாங்க உக்கார்ற பெஞ்சுல யாரும் உக்கார்றதில்ல. கடையில ஒரு பொண்ணு, புருஷனப் பறிகொடுத்தவளாம், நெட்டி மூஞ்சில காறித் துப்பிட்டா. காலையில எந்திரிச்சா கேட்டுல வெடிப்பு நடந்த தேதிய சாக்பீஸால எழுதி வெச்சிருக்கானுங்க. தொடைக்கிறேன். மறுநாளும் இருக்கு."

"பேப்பர்ல ஒரு அறிவிப்பு..."

"போட்டேன். குத்தவாளிதான்டா காசு குடுத்து அறிவிப்பு போடுவான்னாங்க. உங்க கம்பெனிக்குப் போனேன், வாசல்ல நிக்கவெச்சே அனுப்பிட்டாங்க. தட்டுக்குப் பின்னால உங்க பேரு இருந்துச்சு. நம்ம வீட்ல சாப்புட்ட புள்ளையாச்சேன்னு வந்தேன்."

"அண்ணே, அது நான் குடுத்த பேருதாண்ணே," என்றேன். மறைக்கத் தெம்பில்லை.

அவர் கோபப்படவில்லை. திகைத்தார். "ஏன் தம்பி? நாங்க என்னா கொற வெச்சோம்?"

தாளத்தில் உட்கார்ந்தது என்றா சொல்வேன்? நான் அழுதேன். அவர் சொன்னார்:

"எனக்குக் காசு வேணாம். கேஸு வேணாம். எங்கப்பா குடுத்தது அந்தப் பேரு ஒண்ணுதான். பாட்டுப் பாடின பொண்ணு பத்து பேரு முன்னால நின்னு, குத்தவாளி ஹோபர்ட் லைல் இல்லன்னு சொல்லிட்டாப் போதும்."

வெர்னாவிடம் போய்ச் சொன்னபோது அவள் என் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். வாங்கிக்கொண்டேன். "என் தம்பிய கொன்னவன் சுகமா இருக்கான், நான் இன்னொருத்தனக் கொன்னுக்கிட்டிருக்கேனா!" என்று கத்திவிட்டு உடனே கம்பெனிக்குப் போன் போட்டாள். அவர்கள் கையை விரித்தார்கள். தட்டுகள் கடைக்குப் போய்விட்டன. தவறு என்று ஒரு எழுத்து வெளியே வந்தால் லைலே வழக்குப் போடலாம், ஆகவே வாயைத் திறக்காதே என்றார் வக்கீல்.

"அப்ப இனிமே அந்தப் பாட்டயே பாடாத," என்றேன்.

"பாடலன்னா பழைய பேரு அப்படியே நிக்கும்ண்ணே. பாட்டுல போன பேரு பாட்டுலதான் திரும்பி வரணும்."

அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை, வெடிப்பு நடந்த ஊரின் பள்ளிக்கூடக் கூடைப்பந்துக் கூடத்தில், பதினோரு குடும்பங்களுக்காக ஒரு மதியக் கச்சேரி. கம்பெனிக்குச் சொல்லவில்லை. லைலையும் நெட்டியையும் அவளே காரில் போய் அழைத்து வந்தாள். மேடையில் அவரைப் பற்றிச் சொல்வது, உண்மையான பெயரைப் பாட்டில் வைத்துப் பாடுவது, பெயருக்குப் பின்னால் நான் கம்பியைத் தொடாமல் இருப்பது. இதுதான் ஏற்பாடு. அந்த இழுப்பு வந்தால் பழைய பெயர் தானாக எல்லார் வாயிலும் வரும் என்று எனக்குப் பயம். கச்சேரிக்கு முன்னால் லைலிடம் சத்தியம் செய்தேன்: "அந்த எடத்துல என் கை ஆடாதுண்ணே."

கூடத்தில் இரண்டாயிரம் பேர். பெஞ்சு போதாமல் சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் பதினோரு பேரின் புகைப்படங்களை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள். லைலும் நெட்டியும் மூன்றாம் வரிசையில். ஆறு பாட்டுக்குப் பிறகு வெர்னா கிட்டாரை இறக்கிவைத்தாள்.

"ஒரு தப்பு பண்ணிட்டேன். தட்டுல நான் பாடின ஹோபர்ட் லைலுக்கும் இந்தச் சாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அவரு வேற சுரங்கத்துல இருபத்திரெண்டு வருஷம் ஒரு உசுரக்கூட விடாம வேலை பாத்தவரு. இங்கதான் இருக்காரு. கொஞ்சம் எந்திரிங்க பெரியவரே, எல்லாரும் பாக்கட்டும்."

லைல் எழுந்தார். தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் திரும்பினார். அவர் முகத்தில் எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. எனக்குக்கூட மூச்சு திரும்பியது.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல்: "எவ்வளவு குடுத்தாங்க வெர்னா?"

"யாரும் எதுவும்..."

"கம்பெனிக்காரன் உன்னையும் வாங்கிட்டானா தாயீ?" இது ஒரு கிழவி. கோபமே இல்லை, இரக்கம்தான்.

"நீ பயப்படாத புள்ள! நாங்க இருக்கோம்!"

கைதட்டினார்கள். அவளுக்காக. வெர்னா ஏதோ சொன்னாள், மைக்கில் சொன்னதே கேட்கவில்லை. பாடினால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்திருப்பாள், கிட்டாரை எடுத்துத் தொடங்கினாள். கூடம் சட்டென்று அடங்கியது. விளக்கை எடுத்தாயா. தேவாலயத்தில்கூட அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. வழியைப் பார்த்தாயா. பாறையில் எழுதினாயே, என்று சொல்லி அவள் வான்ஹூஸ் என்று பாடினாள். அதை மேடையில் இருந்த ஐந்து பேர்தான் கேட்டோம். இரண்டாயிரம் பேரும் ஒரே குரலில் "ஹோபர்ட் லைல்" என்று பாடினார்கள்.

நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். இரண்டு கையையும் கம்பிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டேன். என் இழுப்பு வரவேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது. அந்த வெறுமையில் பெயர் இன்னும் தெளிவாக எதிரொலித்தது, என் கிட்டார் மூடாமல் விட்ட பள்ளத்தில் விழுந்ததுபோல. நான் வாசித்திருந்தால் கொஞ்சமாவது அமுங்கியிருக்கும்.

அவர்கள் மோசமானவர்கள் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வாயடைக்கப்பட்ட ஒரு பெண்ணுக்காகப் பாடுவதாக நினைத்தார்கள். கண்ணீரோடு பாடினார்கள். இரண்டாம் பல்லவிக்கு முன்னால் வெர்னா நிறுத்திவிட்டாள். பாட்டு நிற்கவில்லை. அவள் இல்லாமலே, கிட்டார் இல்லாமலே, கடைசிவரை பாடி முடித்தார்கள்.

லைல் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, ஒவ்வொரு தடவை அவர் பெயர் வரும்போதும் அப்படியே நின்றுகொண்டிருந்தார். நெட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதுவரை அந்த ஊரில் அவர் முகம் யாருக்கும் தெரியாது. அன்று நாங்களே காட்டிக்கொடுத்தோம்.

பின்வாசலில் என்னைத் தேடி வந்தார். என் கையைப் பிடித்தார்.

"நீ சொன்னபடி செஞ்ச தம்பி. கம்பியத் தொடல. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் குளிர்காலத்தில் தட்டுக்குப் பெரிய விருது கிடைத்தது. வெர்னா வாங்கப் போகவில்லை. அந்தப் பாட்டை அவள் அதற்குப் பிறகு பாடியதில்லை, பாடத் தேவையும் இருக்கவில்லை, ஊரே பாடியது. வான்ஹூஸ் அந்தத் தட்டை வாங்கி வைத்திருப்பதாகவும், லைல் செய்ததை நினைத்தால் நெஞ்சு ஆறவில்லை என்று சர்ச்சில் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை.

மார்ச்சில் மனம் தாங்காமல் காரை எடுத்துக்கொண்டு லைல் வீட்டுக்குப் போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் பழகிக்கொண்டு போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. கேட்டில் சாக்பீஸ் எழுத்து மழையில் பாதி கரைந்திருந்தது. ரோட்டோரத் தபால் பெட்டியில் பெயர் இருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டியிருந்தது. ஊர்க்காரன் சுரண்டியிருந்தால் கீறலாக இருக்கும். இது ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, சுத்தமாகச் சுரண்டியது. அவரே செய்திருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டில் ஒரு பெண் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுக்காரங்க எங்கம்மா?"

"ஒஹாயோவுக்குப் போயிட்டாங்க. டயர் பேக்டரில வேலையாம், இந்த வயசுல. அவரோட அம்மா வீட்டுப் பேர வெச்சுக்கிட்டு இருக்காங்க, பாவம்."

"அது என்னா பேரும்மா? தேடிப் போய்ப் பாக்கணும்."

அவள் போர்வையை உதறிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு என் காரின் பின்சீட்டில் கிடந்த கிட்டார் பெட்டியைப் பார்த்தாள்.

"எதுக்குக் கேக்குறீங்க? அதையும் பாட்டுல போடவா?"